மூன்று ஓம்

பிரதேச செயலகமொன்றில் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சுற்றறிக்கைகள் சிங்களத்தில் வரும். எல்லா மொழியும் சமம் என்று சொல்லும் சுற்றறிக்கையும் அப்படித்தான் வந்தது.

ஒருமுறை வடமராட்சிக் கரையில் பந்தல் போட்டு, தேசிய ஒற்றுமைக்கான நடமாடும் சேவை நடந்தது; அலுவலகமே மக்களிடம் போகும் நாள் அது. பதாகையில் ஒற்றுமை ‘ஒற்றமை’ ஆகியிருந்தது. கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி தமிழ்ப் பரீட்சையில் அப்போதுதான் சித்தியடைந்திருந்தார். நல்ல மனிதர்.

“இன்று மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நானே மக்களுடன் உரையாடுவேன். நீங்கள் குத்துவிளக்கைக் கவனியுங்கள்” என்றார்.

“ஓம் சேர்” என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் போத்தலுடன் போய் நின்றேன்.

இராசலிங்கம் என்ற மீனவர் தன் வாடிக்கு, அதாவது கரையில் வலை வைக்கும் கொட்டிலுக்கு, அனுமதி புதுப்பிக்க அவர் முன் அமர்ந்தார். ஒரு மாதம் கழித்து என்னிடம் கடிதத்துடன் ஓடிவந்தார். முழுக்கச் சிங்களம்.

“ஐயா, என்ன எழுதிக்கிடக்கு?”

“ஒற்றுமைப் பூங்கா கட்ட வாடியை விட்டுக்குடுக்கச் சம்மதிச்சிட்டீராம்.”

“ஐயோ, நான் எப்ப சொன்னனான்? வாடி போனா என்ரை தொழிலே போச்சு!”

அதிகாரியிடம் கூட்டிப்போனேன். அவர் இராசலிங்கத்தின் விண்ணப்பக் கோவையைத் திறந்தார்.

“மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஓம் என்றார். ஓம் என்றால் ஆம். பரீட்சையில் வந்தது.”

எதிரில் இருப்பவர் கதைக்கும்போது எங்கள் ஆட்கள் வாய்க்கு வாய் ஓம் போடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இதை எப்படி விளக்குவது என்று நான் முழிக்கும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அவருடைய மேலதிகாரி.

“ஹரி சேர்... ஹரி, ஹரி... ஹரி சேர்.” சிங்களத்தில் ‘சரி’.

வைத்ததும் கேட்டேன். “சேர், இப்ப எதுக்குச் சம்மதிச்சனீங்கள்?”

“சம்மதமா? அவர் ஏசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

“இராசலிங்கமும் அதைத்தான் செய்தவர் சேர்.”

என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கோவையில் பழைய வரியை வெட்டிவிட்டு, “வாடி உங்களுக்கே வேண்டுமா?” என்று இராசலிங்கத்திடம் கேட்டார்.

“ஓம் ஐயா, ஓம்!”

பேனா நின்றது. “இது எந்த ஓம்?”

இராசலிங்கம் அழுதேவிட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதிகாரி ஒப்பமிட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஓம் என்றால் எந்த ஓம் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். அன்று பந்தலில் மனமறிந்து சொல்லப்பட்ட ஓம் ஒன்றே ஒன்று. விளக்கைக் கவனி என்றபோது நான் சொன்னது. ஒரு மனிதனின் பிழைப்பு போகப் பார்த்தது அந்த ஓமால்தான்.