தழும்பைத் துடைச்ச சந்திரவல்லி

சந்திரவல்லி எனக்கு ஓரகத்தி. என் கொழுந்தன் தங்கபாண்டி பொண்டாட்டி. ஒரே வீட்டை நடுச்சுவரு வச்சுப் பிரிச்சுக் குடியிருக்கோம். அங்கிட்டு அடி விழுந்தா இங்கிட்டு என் அலமாரியில டம்ளரு ஆடும். அதனால அவளைப் பத்தி நான் சொல்றதுல காதுல கேட்டது கம்மி, கண்ணால பாத்ததுதான் சாஸ்தி.

பொறந்தது தேவாரம். வாக்கப்பட்டு போடிக்கு வந்த புதுசுல வாயே தொறக்க மாட்டா. என் கொழுந்தனுக்கு குரங்கணிக்கு எஸ்டேட் ஆளுகளை ஏத்திட்டுப் போற ஜீப்புல டிரைவர் சோலி. சாயங்காலம் குடிச்சிட்டு இறங்கி வர்றப்ப ரோட்டைவிட அவன்தான் அதிகமா வளைஞ்சு வருவான். ஒரு நா குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு ஜாக்கி ராடை எடுத்து வாயிலயே அடிச்சான். முன்பல்லு ரெண்டு போச்சு. ரத்தத்தை முற்றத்துல துப்பிட்டு, முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டு என்கிட்ட வந்து, ஏதாவது சோலி கத்துக்கணும்க்கா, இந்தாளு சோறு எனக்கு இறங்காதுன்னு சொன்னா. பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒண்ணு இருந்துச்சு. நான்தான் கூட்டிட்டுப் போய் விட்டேன். பல்லு போன வீக்கம் வத்தறதுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா.

அங்கதான் கம்ப்யூட்டர்ல படம் வரையிற கோரல் டிரா கத்துக்கிட்டா. மொதல்ல பத்திரிகை, அப்புறம் பிளெக்ஸ் பேனரு. பெறகு லேசர் மெசினு வாங்கித் தனியா கடை போட்டா. சீர்ப் பாத்திரத்துக்குப் பேரு, மரப்பலகையில போட்டோ, சாவிக்கொத்து, எல்லாம் செய்வா. நான் மதியச் சோறு கொண்டுபோயிக் குடுத்துக் குடுத்தே பாதி தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மெசினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கம்ப்யூட்டர்ல நம்ம போட்டு வைக்கிறதைத்தான் செய்யும். கறுப்பா இருக்குற எடத்தைச் சுட்டுக் கருக்கும், வெள்ளையா இருந்தா தொடாமப் போயிரும். மெல்லிசா செவப்புக் கோடு போட்டா அந்தக் கோட்டு வழியாவே பலகையை அறுத்துரும். ஒரு தடவை அசதியில மாப்ளே பேரைக் கறுப்புக்குப் பதிலா செவப்புக் கோட்டுல போட்டுட்டா. எழுத்தெல்லாம் அறுந்து துண்டு துண்டா கீழ உதிர்ந்துபோச்சு. கல்யாணத்துக்கு முந்தி மாப்ளே பேரு உதிருறதா, அபசகுனம்னு பொண்ணோட சித்தப்பன் நாற்காலியைத் தூக்கி எறிஞ்சான். இவளுக்கு நெத்தியில தையல். தையல் போட்டுட்டு நேரா கடைக்கு வந்து, கறுப்புல மாத்திப் போட்டு, அவன் கையிலயே குடுத்து அனுப்புனா.

அவ கடைக்கு அதிகமா வர்றது செத்தவங்கதான். எங்க பக்கம் யாரு செத்தாலும் கருமாதிக்கு மரப்பலகையில மொகத்தைச் சுட்டு மாலை போடுறது இப்பப் பழக்கமாயிப்போச்சு. ஆனா உயிரோட இருக்கயில எவன் ஒழுங்கா போட்டோ எடுத்தான்? ஏதோ கல்யாணத்துல பந்திக்கு அடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப எடுத்ததைக் கொண்டாருவாங்க. இவ தோள்ல கெடக்குற அடுத்தவன் கையை எடுத்துருவா, சட்டையில்லாதவனுக்குச் சட்டை போட்டு விடுவா, குடிச்சு வீங்குன கண்ணை வத்த வைப்பா. மொகத்துல மரு, அம்மைத் தழும்பு இருந்தா பக்கத்துத் தோலை எடுத்து எடுத்து அது மேல ஒட்டுவா. கடைசியில அது இருந்த தடமே தெரியாது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். சந்திரவல்லிக்கு முனியசாமின்னு ஒரு அண்ணன். மலையில ஏலத்தோட்டத்துல சோலி. அங்க கங்காணி ஜக்கையன். பச்சை ஏலக்காயை மடியில கட்டிட்டான்னு சொல்லி, அத்தனை பொம்பளைக முன்னாடியும் முனியசாமி வேட்டியை உருவி விட்டுருக்கான் ஜக்கையன். முனியசாமி பக்கத்துல கெடந்த அருவாளை எடுத்து ஒரே இழுப்பு. நெத்தியில ஆரம்பிச்சு இடது கண்ணு வழியா தாடை வரைக்கும் பொளந்துருச்சு. கண்ணு தப்பிச்சுச்சு, ஆனா இமை அதுக்கப்புறம் பாதிதான் தொறந்துச்சு. அதோட சோலியை விட்டுட்டு ஜக்கையன் கீழ ஊருக்கே வந்துட்டான். முனியசாமி செயிலுக்குப் போயிட்டு வந்தான். வந்ததும் ரெண்டு வீட்டையும் கருப்பசாமி கோயில்ல வச்சுப் பேசி விட்டாங்க. முனியசாமி மலையை விட்டு இறங்கக் கூடாது, ஜக்கையன் ஆளுக மலைக்கு அவனைத் தேடிப் போகக் கூடாது.

அந்தப் பேச்சுக்கு ஒரு முடிச்சு இருக்கு. பேச்சுக் குடுத்தவன் செத்துட்டா கருமாதியில மூத்த மகன் எந்திரிச்சு, அப்பன் பேச்சு என் பேச்சுன்னு சொல்லணும். சொல்லாம உக்காந்திருந்தான்னா அருவா எடுக்கப் போறான்னு அர்த்தம். இந்த வருசம் ஜக்கையன் மாரடைப்புல செத்தான். மூத்த மகன் சுருளி நேரா சந்திரவல்லி கடைக்கு வந்தான்.

தேனியில கடை இல்லையா, மதுரையில இல்லையா? முனியசாமி தங்கச்சி கைதான் இதைச் செய்யணும்னு வந்தவன் அவன். போனுல இருந்து போட்டோவை அனுப்பிட்டு, தழும்பு நல்லாத் தெரியணும், வாசல்ல இருந்து பாத்தாலும் தெரியணும்னு சொல்லிட்டுப் போனான். அந்தத் தழும்பை மாட்டி வச்சு, அதுக்கு முன்னாடி அவன் எந்திரிக்காம உக்காரப் போறான். கேட்ட ஒடனே அவளுக்கு வெளங்கிருச்சு. எனக்கும்தான். சொன்னதைச் செஞ்சு குடுத்துட்டு அண்ணனை வேற எங்கயாச்சும் போகச் சொல்லுடின்னேன். எங்கிட்டுக்கா போவான், மலையில இருந்து கீழ காலு வச்சா அதுக்கே வெட்டுவாங்களேன்னா.

ஆனா அவன் சொன்னதை அவ செய்யல. தழும்பைத் துடைச்சிட்டா. நெத்தியில இருந்து தாடை வரைக்கும் தோலை ஒட்டி ஒட்டி, ஒரு கீறல் இல்லாம ஜக்கையனைப் புது ஆளாக்கிச் சுட்டு வச்சுட்டா. இமையை மட்டும் அப்படியே விட்டிருந்தா.

கருமாதிக்கு முந்தின நா மதியம் சுருளி வந்தான். கூட ரெண்டு தடியனுக. நான் அப்பத்தான் சோறும், தூக்குவாளியில ரசமும் கொண்டாந்து எறக்கி வைக்கிறேன். காகிதத்தைக் கிழிச்சுப் பாத்தான்.

"தழும்பு எங்க?"

"துடைச்சிட்டேன்."

"யாரைக் கேட்டுத் துடைச்ச?"

"யாரையும் கேக்கல."

பலகையை மேசை விளிம்புல ஓங்கி அடிச்சு ரெண்டா ஒடைச்சான். பில்லு பறக்காம இருக்க ஒரு கிரானைட் துண்டு வச்சிருப்பா. அவ வலது கையை இழுத்து மேசையில அமுக்கி அந்தக் கல்லால குத்துனான். முருங்கைக்காய் முறியிற சத்தம். நான்தான் தூக்குவாளியைத் தொறந்து கொதிக்கக் கொதிக்க ரசத்தை அவன் கழுத்துல ஊத்துனேன். ஒரு தடியன் என் முடியைப் பிடிச்சான். வெறும் வாளியைச் சுத்தி அவன் காதுல விட்டேன் பாரு, நெளிஞ்சுபோச்சு. வாளியைச் சொல்றேன். காது கிழிஞ்சு தொங்குச்சு.

சுருளி முதுகுச் சட்டைக்குள்ள இருந்து அருவாளை உருவிட்டான். கழுத்தெல்லாம் தக்காளித் தோலு, மிளகு. அருவா முனையை அவ நெத்தியில வச்சு மெதுவா கண்ணுப் பக்கம் கோடு இழுத்தான். மேல்தோலு மட்டும் கிழிஞ்சு ரத்தம் புருவத்துல நின்னுச்சு.

"எங்கப்பன் மொகத்துல நீ அழிச்ச கோட்டை ஒம் மொகத்துல போட்டு விடவா?"

"உக்காரு. இப்பவே போட்டுத் தர்றேன்"னா.

முறிஞ்ச கையை மடியில வச்சுக்கிட்டு மவுசை இடது கைக்கு மாத்துனா. பழக்கமில்லாத கை, திரையில அம்பு எங்கெங்கயோ ஓடுது. பழைய போட்டோவை எடுத்தா, கறுப்பு வெள்ளையாக்குனா, தழும்பு பளிச்சுன்னு தெரியற மாதிரி ஓரத்துல நிழலைக் கூட்டுனா. புதுப்பலகையை மெசினுக்குள்ள வச்சா. நான் வேண்டாம்டின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல.

மெசினு மேல இருந்து வரிவரியாச் சுட்டுக்கிட்டு இறங்குச்சு. மொதல்ல தலைமுடி, அப்புறம் நெத்தி. நெத்தியில வெளுப்பா ஒரு கோடு ஆரம்பிச்சுச்சு. கடை பூரா கருகுன வாடை. அப்பனுக்குக் கொள்ளி வச்ச கை அவனுது, அந்த வாடை அவனுக்குத் தெரியாதா? கண்ணுகிட்ட வரயில மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

"இங்க பாரு சுருளி"ன்னா அவ. "மொத தடவை எங்கண்ணன் போட்டான். ரெண்டாவது நீ சொல்லி நான் போடுறேன். முழுசாப் பாத்துட்டுக் கொண்டு போ."

அவன் பலகையைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

எல்லாம் முடிஞ்ச பெறகு வந்தான் என் கொழுந்தன், ஜீப்பு சாவியைச் சுத்திக்கிட்டு. பொண்டாட்டி வெரலு கத்தரிக்காயா வீங்கிக் கெடக்கு, இவன் என்னடான்னா சொன்னதைச் செஞ்சிருந்தா என் வாசலுக்கு அருவா வருமாடின்னு கையை ஓங்குறான். அவ கீழ கெடந்த ஒடைஞ்ச பலகையில கூரா இருந்த துண்டை எடுத்து அவன் தொப்புள்ல வச்சு அமுக்குனா. சட்டையில ஒரு பொட்டு ரத்தம்.

"அடி. இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு."

ஓங்குன கையை எறக்கிட்டு ஜீப்பை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் குழியில விடாம ஓட்டுனான். அன்னைக்குத்தான் அவனுக்கு ஓட்டத் தெரியும்னே எனக்குத் தெரிஞ்சுச்சு.

கருமாதி அன்னைக்கு நாங்க கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். யாரும் சாப்பிடல. அடுப்பு பத்த வைக்காம நான் ஒரு பொழுது இருந்தது அதுதான். முனியசாமிக்குப் போன் போட்டா டவர் கிடைக்கல.

அங்க நடந்ததை ஊரே சொல்லுச்சு. பலகையை நடுவுல வச்சு மாலை போட்டிருக்காங்க. பெரியாளுக கேக்குறாங்க, சுருளி எந்திரிக்காம தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கான். மாமன் மச்சான்லாம் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாங்களாம். அப்ப ஜக்கையன் பொண்டாட்டி அன்னக்கொடி உள்ள இருந்து வந்து பலகையைப் பாத்துருக்கு. நேரா அடுப்படிக்குப் போய் விறகு பொளக்குற கோடாலியை எடுத்தாந்து, மாலையோட சேத்து ரெண்டாப் பொளந்துருச்சு. அடுத்து கோடாலிக் காம்பைத் திருப்பி மகன் முதுகுல ஒண்ணு. வெந்த கழுத்துக்குப் பக்கத்துலயே. எந்திரின்னுச்சாம். எந்திரிக்கல. இன்னொண்ணு. எந்திரிச்சான். அப்பன் பேச்சு என் பேச்சுன்னு அழுதுக்கிட்டே சொல்லிட்டான்.

மறுநா காலையில அன்னக்கொடி கடைக்கு வந்துருச்சு. சுருளி வெளிய வண்டியில, குனிய முடியாம வெறப்பா உக்காந்திருந்தான். நானும் அங்கதான் இருந்தேன், நெளிஞ்ச வாளியோட. அந்தம்மா சந்திரவல்லி மாவுக்கட்டைப் பாத்துச்சு. வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லல. பொளந்த பலகையை மேசையில வச்சுச்சு.

"நான் அந்தத் தழும்புக்கு வருசக்கணக்கா மருந்து போட்டவ. இனி சுவத்துலயும் வச்சுப் பாக்கணுமா? நீ துடைச்சியாமே, அதையே போட்டுக் குடு"ன்னுச்சு. அப்புறம், "ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லு. அவன் கீழ இறங்குனா இவனைப் பிடிச்சு நிறுத்த எனக்குத் தெம்பு கிடையாது."

சந்திரவல்லி சரின்னு தலையாட்டி, துடைச்ச மொகத்தைத் திரையில எடுத்தா. அந்தம்மாவைச் சந்தோசப்படுத்தலாம்னு நெனைச்சாளோ என்னவோ, நல்லா இருந்த வலது கண்ணை அப்படியே நகல் எடுத்து, திருப்பிப் போட்டு, பாதி மூடியிருந்த இடது கண்ணு மேல வச்சா. ஜக்கையன் ரெண்டு கண்ணையும் தொறந்து எங்களைப் பாத்தான்.

அன்னக்கொடி ரெண்டடி பின்னால போயிருச்சு. கை தானா கன்னத்துக்குப் போயிருச்சு.

"அதை எடு ஆத்தா. ரெண்டு கண்ணும் தொறந்திருந்தப்ப அந்த மனுசன் அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும். வெட்டு வாங்குன பெறகுதான் கொஞ்சம் அடங்குச்சு. கண்ணு பாதியே இருக்கட்டும்."

சந்திரவல்லி என்னைப் பாத்தா. நான் கூரையைப் பாத்தேன். இடது கையால அந்தக் கண்ணை அழிச்சுட்டு மெசினை ஓட விட்டா.

பலகை இப்ப அவங்க வீட்டு வாசலுக்கு நேரா மாட்டியிருக்கு. தழும்பு இல்ல. முனியசாமி மலையில உயிரோட இருக்கான், கீழ வரல. அந்தப் பக்கம் போறப்ப எட்டிப் பாத்தேன். வெட்டும் இல்லாம கண்ணு மட்டும் பாதி மூடிக் கெடக்குறதால, ஜக்கையன் போற வர்றவளையெல்லாம் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரியே இருக்கான்.