வெள்ளிக்கிழமைக் கவுன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல் கடையிலிருந்து வந்ததும் பெரியம்மா அந்த மஞ்சள் கவுனுக்கு இஸ்திரி போடுவாள். கழுத்துப் பட்டியும் நெஞ்சுப் பக்கமும் மட்டும்தான். அதற்குக் கீழே வீடியோ காலில் போன் திரையில் தெரியப்போவதில்லை. தங்கை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் பெண்ணுக்கு வாங்கி அனுப்பியது. இப்போது முதுகில் ஜிப் ஏறுவதில்லை. ஊரார் துணியையெல்லாம் பிரித்துப் பெரிதாக்கித் தருகிறவளுக்கு, இதில் பிரித்துவிட அரை அங்குலத் துணி மிச்சமில்லை. இந்த வாரமும் பெண்ணின் முதுகில் இரண்டு ஊக்கைக் குறுக்கே மாட்டி ஒப்பேற்றினாள்.

"மூச்சை உள்ள இழு."

"இழுத்தா எப்படிப் பேசறது பெரியம்மா?"

"பள்ளிக்கூடத்துல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கே. இங்க மட்டும் வாய்க்கு வாய்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண்ணுக்குப் பத்து வயது. பெற்றவர்கள் இருவரும் வெளிநாடு போய் நாலு வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை டீச்சர் பெரியம்மாவைக் கூப்பிட்டுவிட்டிருந்தார். வகுப்பில் இவள் ஒருத்தரோடும் பேசுவதில்லையாம். மத்தியானச் சாப்பாடு மாடிப்படிக்கு அடியில் தனியாக. பிள்ளைகள் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க. ஒருத்தராவது திரும்பி வரட்டும்" என்றார் டீச்சர்.

சொல்லிவிடுவது என்றுதான் அன்றைக்கு முடிவு செய்தாள். அவர்களுடைய வேலை ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆனால் நாலு நாளில் அந்த முடிவு தேய்ந்துபோயிற்று. ஹோட்டல் சலவைக்கூடத்தில் நின்ற கால் நின்றபடி படுக்கை விரிப்பு தேய்க்கிற தங்கை, இதைக் கேட்டு அழுவதைத் தவிர என்ன செய்வாள்? வருகிறபோது தானே பார்த்துக்கொள்ளட்டும்.

"என்ன சொல்லணும்?"

"நல்லா சாப்பிடறேன். நல்லா படிக்கறேன். ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"பேர் கேட்டா?"

"போன வாரம் சொன்ன அதே ரெண்டு பேரு."

போன் அடித்தது. தங்கையின் முகம் வியர்வையில் மினுமினுத்தது. பெண் மூன்று வாக்கியத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். சிரிக்கவும் செய்தாள்.

"என் தங்கமே! அக்கா, ஒண்ணு சொல்லணும், திட்டாதே. சூப்பர்வைசர் பேப்பரை நீட்டினாரு. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டோம். புள்ள ஏங்கிப் போயிருந்தா ஓடி வந்திருப்பேன். நீ வச்சிருக்கற அழகைப் பார்த்துத்தான் தைரியம் வந்துச்சு."

பெரியம்மா வாயைத் திறந்தாள். டீச்சர் சொன்னது தொண்டை வரை வந்தது.

"சரி. உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள்.

போன் ஓய்ந்தது. பெண் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு ஊக்கு வாய் திறந்து, முதுகில் பொட்டு ரத்தம் துளிர்த்திருந்தது.

"குத்திச்சா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னடி?"

"நீங்கதானே சிரிச்ச முகமா இருன்னு சொன்னீங்க."

பெரியம்மா அடுத்த ஊக்கைக் கழற்றினாள்.

"பெரியம்மா, நான் அழுதிருந்தா அம்மா வந்திருப்பாங்களா?"

இஸ்திரிப்பெட்டி இன்னும் ஆறவில்லை. பெரியம்மா அதன் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினாள். பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கவுனைத் தானே கழற்றி, கசங்காமல் ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுச் சட்டையைத் தலைவழியே இழுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.