படகுத்துறையில் மிராசு

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஜயா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் அனுப்பிய பதில்: "அருமை, இப்படியே தொடருங்கள்."

நான் அனுப்பினேன் என்பதும் முழு உண்மை இல்லை. அந்த நேரம் நான் பாபநாசத்தில் என் வீட்டில் நாலாவது இட்லியோடு இருந்தேன். கைபேசி சார்ஜரில் கிடந்தது. அதற்குள் என் பெயரில் ஒரு வில்லாளி, ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இல்லாத இடுப்போடு, தானாகவே ஓநாய்களைக் கொன்றுகொண்டிருந்தான். நாங்கள் ஆடுகிற இணைய விளையாட்டில் 'தானியங்கி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் நாம் குளிக்கப் போகலாம், வேலைக்குப் போகலாம், மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கே போய் வரலாம். நம் பாத்திரம் தானே நடக்கும், தானே சண்டை போடும். குழுவில் யாராவது ஏதாவது எழுதினால், முன்பே எழுதிவைத்த ஒரு வாசகத்தைத் தானே பதிலாகப் போடும்.

அன்று காலையில் குழுவில் எழுதியவள் அக்காவின் மகள் கயல். அம்மாவின் கணக்கிலிருந்தே எழுதியிருந்தாள். "அம்மா இன்னைக்கு விடியக்காலம் தவறிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்குறோம்."

அடுத்த நொடி என் வில்லாளி சொன்னான், அருமை என்று. அதற்கடுத்த நொடி சீர்காழி மனோகரின் மந்திரவாதி சொன்னான். பிறகு மன்னார்குடி அண்ணன் தம்பி இருவரின் வாள்வீரர்களும் சொன்னார்கள். அக்காவை விட்டால் குழுவில் நாலு பேர்தான். நாலு அருமை. நாலு பேரில் ஒருவர்கூட அங்கே ஆளாக இல்லை.

"சாவுக்கு வாழ்த்துச் சொன்ன ஒரே மனுஷன் நீங்கதான்" என்றாள் என் மனைவி. இல்லை, நாலு பேர் என்று சொல்லிப் பார்த்தேன். அதனால் என் மரியாதை கூடியதாகத் தெரியவில்லை.

குடவாசலில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் கடை. பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அங்கேதான். மனுவும் எழுதிக் கொடுப்பார். ஊரில் அவருக்குச் சிட்டா அக்கா என்றே பெயர். இதைப் படிக்கிற பலருடைய நிலத்தின் சர்வே எண் அவருக்கு மனப்பாடம். அவர் மாலை நேரங்களில் மார்பு வரை தாடி வைத்த ஒரு குள்ளனாக இருந்தார் என்பதுதான் உங்களில் பலருக்குத் தெரியாது.

இருபது வருடம் முன்பு அது பிரௌசிங் சென்டர். எனக்கு அப்போது குடவாசல் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. நகைச்சுவை என்று நான் நம்பிய சில துணுக்குகளைப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் செய்வதற்காக அங்கே போனேன். கல்லாவில் இருந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் உக்காருங்க தம்பி. ஒரு பூதம் பாதில நிக்கிது."

எட்டிப் பார்த்தேன். கையில் சுத்தியலோடு ஒரு குள்ளன். தலைக்கு மேலே பெயர்: மிராசு.

"என்னங்க பேரு இது?"

"எங்கப்பா மிராசு வீட்டு வயல்ல பண்ணையாளா இருந்தவரு. நானாச்சும் ஒரு எடத்துல மிராசா இருந்துட்டுப் போறேனே."

"தாடி எதுக்கு?"

"தாடி இருந்தா எவனும் 'ஹாய் டியர்'னு வர்றதில்ல தம்பி."

துணுக்கை அனுப்ப மறந்து, அன்றே நானும் ஒரு வில்லாளியாகிவிட்டேன். அந்த விளையாட்டுக்கு வெள்ளைக்காரப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் எட்டு மலை என்போம். எட்டு மலைகளையும் நடந்தே கடக்க வேண்டும், அதுதான் கதை. நடுவே ஒரு ஆறு. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் படகு வரும். அதுவரை துறையில் நிற்க வேண்டும். நிற்கிறவன் என்ன செய்வான், பேசுவான். குறுவைக்குத் தண்ணீர் வருமா, கயலுக்கு வந்த மாப்பிள்ளை ஏன் தட்டிப்போனான், சங்கத்தில் யூரியா எப்போது இறங்கும் என்று நாங்கள் அறிந்துகொண்டதெல்லாம் அந்தத் துறையில்தான்.

மனோகர் கத்தாரில் வண்டி ஓட்டுகிறவன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து துறையில் நின்றான். ஒன்றும் எழுதவில்லை. படகு வந்தது. நாங்கள் ஏறினோம், அவன் ஏறவில்லை. அக்காவின் குள்ளன் படகிலிருந்து இறங்கிவிட்டான். நாங்களும் இறங்கினோம். வெகுநேரம் கழித்து மனோகர் எழுதினான். "அப்பா போயிட்டாருக்கா. லீவு தரமாட்டேன்னுட்டான்."

அக்கா எழுதியது ஒரே வரி. "போற படகு போகட்டும். நீ சொல்லு."

அன்று பதினோரு படகை விட்டோம். மடை திறக்கப் போகிற அப்பா செருப்பைக் கரையிலேயே மறந்து வந்துவிடுவாராம். அதைத் தேடி எடுத்து வருவது தன் வேலையாம். அதையே மனோகர் மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் முதல்முறை கேட்பதுபோல் அக்கா கேட்டார். நடுவில் புதரிலிருந்து வந்த ஒரு பூதத்தை, பேச்சை நிறுத்தாமலேயே சுத்தியலால் அடித்துப் போட்டார்.

அந்த நாளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விளையாட்டில் செத்தால் உடல் அங்கேயே கிடக்கும். உயிர் எங்கோ ஒரு கோயிலில் முளைத்து, நடந்து திரும்பிவந்து உடலில் சேர வேண்டும். அதுவரை கூட்டாளிகள் காவல் நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு மதியம் சதுப்பு நிலத்தில் நான் செத்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் போனது. வர ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரமும் மிராசு என் உடல் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கடைக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவரிடம், "ஒரு சாவுங்க. கொஞ்சம் இருங்க" என்று சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று கேட்டிருக்கிறார் அவர். "கூட்டுறவுச் சங்கத் தம்பிக்குத்தான்."

மறுநாள் காலை சங்கத்துக்கு அந்த மனிதர் மாலையோடு வந்துவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வாங்கிய மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் என் மேஜையில் வைத்துவிட்டு, வந்ததற்கு ஒரு மூட்டை பொட்டாஷ் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தார்கள். முதலில் சாவு. இப்போது செத்தால் அதே இடத்தில் எழுந்து நிற்கலாம். "முன்ன செத்தா நாலு பேர் வந்து நின்னாங்க. இப்ப நாம செத்ததே யாருக்கும் தெரியறதில்ல" என்றார் அக்கா. அடுத்தது படகு. துறையில் தரையில் ஒளிர்கிற ஒரு வட்டம் போட்டார்கள். மிதித்தால் அக்கரை. எனக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. அக்கா விடவில்லை. மனு எழுதியே பழகிய கை. "பொருள்: நிறுத்தப்பட்ட படகை மீண்டும் இயக்கக் கோருதல் தொடர்பாக" என்று தொடங்கி, பணிவுடன் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு முடித்தார். ஆங்கிலத்தில் மாற்றிய பாவம் என்னுடையது. கம்பெனி அவருடைய கருத்துக்கு நன்றி தெரிவித்து, குள்ளனுக்கு ஒரு சிவப்புத் தொப்பி அனுப்பியது.

"மனு குடுத்தா தொப்பி குடுக்குறான். தாலுகா ஆபீசே தேவல போலருக்கு." ஆனாலும் அந்தத் தொப்பியை அவர் கழற்றவே இல்லை.

நான் ஒருமுறை மடக்கப் பார்த்தேன். "மூணு நாள் அலைஞ்ச சனத்துக்கு மூணு நிமிஷத்துல சிட்டா எடுத்துக் குடுக்குறீங்க. இங்க மட்டும் எதுக்குக்கா காத்துக் கெடக்கணும்?"

"வேலைன்னா சீக்கிரம் முடியணும் தம்பி. வெளையாட்டு எதுக்கு முடியணும்?"

அப்புறம் தினசரிப் பணி வந்தது. தினமும் பத்து ஓநாய், இருபது மூலிகை, மூன்று கடிதம். செய்யாவிட்டால் பின்தங்குவோம். சங்கத்தில் ஒரு வருகைப் பதிவேடு, வீட்டில் ஒன்று, இப்போது விளையாட்டிலும் ஒன்று. பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தவன் ஆறு மணிக்கு எழுந்து, மறுபடி இன்னொரு வேலைக்குப் போகிற அலுப்பு. அந்த அலுப்பைப் பார்த்தே தானியங்கியைக் கொண்டுவந்தார்கள் போலிருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எல்லாரும் அழுத்தினோம். பழக்கத்தை விடவும் தெம்பில்லை, ஆடவும் தெம்பில்லை.

அக்கா மட்டும் பொத்தானைத் தொட மாட்டேன் என்றார். "பொத்தான அழுத்துனா அது வெளையாடும். அப்ப நான் யாரு, கரண்ட் பில் கட்டுறவளா?" சரியாகச் சொன்னீர்கள் என்று நாங்கள் எல்லாரும் பதில் எழுதினோம். அதை மட்டும் கையால் எழுதினோம்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று முறை தஞ்சாவூரில் டயாலிசிஸ். ஒரு கை வீங்கிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் கம்பெனி அறிவித்தது: யாரும் நடப்பதில்லை என்பதால் படகுத்துறையிலிருந்து எட்டாவது மலைக்குப் போகும் பழைய பாதையை மாதக் கடைசியில் எடுத்துவிடப் போகிறோம். ஏழு மலைகளை நடந்து ஏறியவர் அக்கா. எட்டாவது மட்டும் பாக்கி. கட்டிலில் படுத்தபடி என் கைபேசியில் திறந்துகொள்ளச் சொல்லி, தன் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தார்.

"தம்பி, மிராச நடத்திக் கூட்டிட்டுப் போங்க. கையால. பொத்தான் வேணாம்."

"ஆகட்டும்க்கா" என்றேன். அந்த நிமிடம் மனதாரத்தான் சொன்னேன்.

முதல் நாள் பதினைந்து நிமிடம் நடந்தேன். கட்டை விரல் மரத்தது, கழுத்து பிடித்தது, கண்ணாடியின் எந்தப் பாதி வழியாகப் பார்ப்பது என்றே தெரியவில்லை. மறுநாள் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான். குள்ளன் சிவப்புத் தொப்பியோடு தானே போய்க்கொண்டிருந்தான். நான் சங்கத்தில் உர ரசீது போட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் அக்கா போன் செய்வார். எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்பார். நகைச்சுவை எழுதுகிறவனுக்குப் பொய் என்ன கஷ்டம். மழை பிடித்துக்கொண்டது என்பேன். சரிவில் வழுக்கியது என்பேன். ஒருநாள் அவர் கேட்டார்.

"பாலத்துக்கிட்ட அந்த ஒத்தக்காது நரி நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா. மிராசப் பாத்து வாலாட்டுச்சு."

 "ம்" என்றார். "நல்லா நடக்குறீங்க தம்பி."

எட்டாவது மலை உச்சியில் குள்ளன் நிற்கிற படத்தை அனுப்பினேன். கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினார். ஒரு வாரம் கழித்து மனோகரிடம் பேசும்போது, பெருமையாக இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அண்ணே, அந்த நரிய எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே."

அப்போதுதான் அந்த 'ம்' எனக்குக் கேட்டது. என் பொய்யைப் பிடித்துவிட்டு, சாகக் கிடக்கிற நேரத்தில் இவனை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. ஒருநாள் மருத்துவமனை வாசல் வரை போய், எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுப் பாபநாசம் பஸ் ஏறிவிட்டேன். போனால் நரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அந்த நாலாவது இட்லிக் காலை வந்துவிட்டது.

சாவு வீட்டில் கயலிடம் அந்த நாலு அருமைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா. அம்மா பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க" என்றாள். அடுத்த ஞாயிறு மதியம் நாங்கள் நாலு பேரும் தானியங்கியை அணைத்துவிட்டு எட்டாவது மலைக்குப் போனோம். பாதையை எடுத்துவிட்டார்களே, வட்டத்தை மிதித்துத்தான் போனோம். உச்சியில் மிராசு நின்றிருந்தார். சுற்றி நின்றோம், பதினோரு படகு நேரம். யாரும் ஒன்றும் எழுதவில்லை. மன்னார்குடித் தம்பி மட்டும் ஒருமுறை, "கழுத்து வலிக்கிது" என்றார். எல்லாருக்கும் வலித்தது. நின்றோம்.

இப்போதெல்லாம் சங்கத்தில் யாராவது வந்து ஒரே விஷயத்தை மூன்றாம் முறை சொல்லும்போது, ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கப் பார்க்கிறேன். பாதி நாள் முடிவதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் படகுத்துறைப் பொறுமையில் ஒரு கால் பங்கும், தெரிந்தும் விட்டுக்கொடுத்த அந்த 'ம்' முழுசாகவும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கயல் அம்மாவின் கைபேசியைக் கொண்டுவந்தாள். குழுவின் தானியங்கி வாசகத்தை மாற்றிவிடுங்கள் மாமா, இன்னொரு சாவுக்கும் அருமை என்று வரவேண்டாம் என்றாள். குழுத் தலைவரின், அதாவது அக்காவின், கணக்கிலிருந்துதான் அதை மாற்ற முடியும். அந்தப் பக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மேலே அந்த வாசகம். எழுதியவர்: மிராசு. கீழே, கடந்த இரண்டு வருடத்தில் குழுவில் யார் எவ்வளவு நேரம் கையால் ஆடினார்கள் என்று ஒரு பட்டியல். கடைசிப் பெயர் மிராசு. பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்தும் நான் நடந்தது.