மைதிலியின் இரண்டு பட்டியல்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் மைதிலி. ஆவடியில், படைக்கல ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அக்கவுன்ட்ஸில் டைப் செய்ய வந்தவரை, "சர்வர் இங்கிலீஷ்ல திட்டுனா உங்களுக்குத்தான் பயமில்லையே" என்று சொல்லி மேனேஜர் உத்தமன் சர்வர் முன்னால் உட்கார வைத்தார். பதினாறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் திரையில் பிழைச் செய்தி வந்தால், எதிரில் ஆள் நிற்பதுபோல "என்னடா வேணும் உனக்கு?" என்று கேட்பார்.

போன ஜூனில் சர்வரின் இரண்டாவது டிஸ்க் மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. கழற்றி சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். அப்படியே பிடுங்கிவிட முடியாது. டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைத்து வைத்திருப்பார்கள். மவுன்ட் செய்வது என்று பெயர். இந்த டிஸ்க் இணைந்திருந்த ஃபோல்டர் 'சரக்கு'. முதலில் அந்த இணைப்பை விடுவிக்க வேண்டும். மைதிலி கட்டளை கொடுத்தார். முடியாது, உள்ளே ஆள் இருக்கிறது என்றது சர்வர். யார் என்று கேட்டார். ஜெபா என்று பதில் வந்தது.

ஜெபா ஸ்டோர்ஸில் இருந்தவன். மார்ச்சிலேயே வேலையை விட்டுப் பாடியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கடைசி நாளில் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறான். கணினி ஓடிக்கொண்டே இருந்தது. அதில் சர்வருக்குள் போக அவன் திறந்து வைத்த ஜன்னல், மூன்று மாதமாக சரக்கு ஃபோல்டருக்குள்ளேயே நின்றிருந்தது.

ஒரே வரியில் மைதிலி அவனை வெளியே தள்ளியிருக்கலாம். உத்தமன் விடவில்லை.

"ஒருத்தர் ஆரம்பிச்ச வேலைய அவர்தான் முடிக்கணும். நம்ம விதிமுறையில இருக்கு, மேடம்."

"சார், அவன் இங்க இல்லவே இல்லையே."

"இருக்கான்னு சர்வர் சொல்லுதே!"

மைதிலி ஜெபாவுக்கு போன் செய்தார்.

"இன்னாக்கா சொல்ற? நான் இங்க ஷிப்ட்ல கீறேன். அங்கயும் கீறனா?"

"கீற. வந்து வெளிய போயிடு, ஜெபா."

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, புது கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். உள்ளே போக வந்தானா, வெளியே போக வந்தானா என்று தெரியாமல் வாட்ச்மேன் சின்னசாமி பத்து நிமிடம் அவனை கேட்டிலேயே நிறுத்தினார். ஜெபா மானிட்டரைப் போட்டு, உத்தமன் மேற்பார்வையில், 'எக்ஸிட்' என்று அடித்தான். உத்தமன் கைகுலுக்கினார். பிறகு, இன்று பகல் 12.10க்கு சரக்கு ஃபோல்டரிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்.

மைதிலி மறுபடி கட்டளை கொடுத்தார். டிஸ்க் விடுபட்டது. கழற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டு கேட் பாஸ் கேட்டார். உத்தமன் சர்வரின் மவுன்ட் பட்டியலை அச்செடுத்து விரலை வைத்தார்.

"டிஸ்க் இன்னும் சர்வர்லதான் இருக்குன்னு போட்டிருக்கே?"

"டிஸ்க் இதோ என் கையில இருக்கு, சார்."

"கையில இருக்கறது வேற. லிஸ்ட்ல இருக்கறது வேற."

மைதிலிக்குக் காரணம் புரிந்தது. அந்தப் பழைய சர்வரில் பட்டியல் இரண்டு. ஒன்று சர்வரின் மூளையான கெர்னல் தனக்குள்ளேயே வைத்திருப்பது. அந்தந்த நொடியில் உண்மையாக எது இணைந்திருக்கிறதோ அதுதான் அதில் இருக்கும். மற்றது, மனிதர்கள் படிப்பதற்காக ஒரு கோப்பில் எழுதி வைப்பது. கோப்பு இருந்த முதல் டிஸ்க் நிரம்பி வழிந்ததால், பழைய வரியை நீக்கித் திருப்பி எழுத இடமில்லாமல் போயிருந்தது.

கெர்னலின் பட்டியலையும் அச்செடுத்துக் காட்டினார். அதில் அந்த வரி இல்லை.

"இது சர்வர் மனசுல இருக்கறது. எழுத்துல இருக்கறதுதான் செல்லும்" என்றார் உத்தமன்.

மைதிலிக்கு அழுகை வருவதுபோல இருந்தது, சிரிப்பும் வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதல் டிஸ்க்கை அடைத்திருப்பது எது என்று தேடினார். உத்தமன் ஆயுத பூஜையில் ஆற்றிய உரை, ஒன்றரை மணி நேர வீடியோ, பதினோரு பிரதிகள்.

"எதை அழிக்கட்டும், சார்?"

உத்தமன் வெகுநேரம் யோசித்தார். "பத்த அழிச்சிடுங்க. நான் இருமுறது எதுல நல்லா கேக்கலையோ அத வைங்க."

இடம் கிடைத்தது. கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியை நீக்கினார் மைதிலி. புது அச்சைப் பார்த்ததும் உத்தமன் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதரைக்கு அவருக்கு இரண்டு பட்டியலும் அச்சாகிப் போகின்றன. ஸ்கேல் வைத்து வரிவரியாக ஒத்துப்பார்க்கிறார். போன வியாழக்கிழமை ஒரு வரி ஒத்துவரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். மைதிலி இரண்டு சாப்பிட்டார்.