கல்மண்டபத்துக் கவுச்சிக்கு நன்றி

காலையில் சன்னலைத் திறந்தால் ஒரு நாற்றமும் இல்லை. ஊரில் இருக்கும் நீங்கள், நல்லதுதானே என்பீர்கள். சென்னைக் கல்மண்டபத்தில் வந்து குடியேறிய நம்மாட்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய பயம் என்று. ஊரடங்கில் மீன்பிடித் துறைமுகம் பூட்டிக் கிடந்தது. கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன. காற்று நம்மூர் உடன்குடிக் காற்று மாதிரி வெறுமனே வந்து போனது. அஞ்சாம் வகுப்போடு ரயிலேறி வந்து, படகுகளுக்கு மளிகை ஏற்றும் கடையைத் தனியாளாக நிறுத்தியவன் நான். என் அரிசி ஏறாமல் இங்கே எந்தப் படகும் கடலுக்குப் போனதில்லை. அப்பேர்ப்பட்டவன் கைலியோடு வீட்டுக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அதுகூடப் பரவாயில்லை. என் மனைவி பொன்மணிக்குத் தொற்று வந்து, காய்ச்சல் இறங்கியும் மூக்கு செத்துப்போயிருந்தது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியது. "மண்ணத் தின்ன மாதிரி இருக்கு அத்தான், வேண்டாம்."

அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்து இந்தத் தெருவில் இறங்கிய அன்றே முந்தானையால் பொத்திய மூக்கு அது. எதிர்வீட்டுக் கன்னியம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மே, நாஷ்டா துன்னியா?" என்று, காலைச் சாப்பாடு ஆச்சா எனப் பாசமாகத்தான் கேட்டாள். வந்ததும் வராததுமாய் ஏசுகிறாள் என்று இவள் உள்ளே ஓடி அழுதாள். "இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானா? ஊருக்குப் போயிருவோம்" என்று அன்று ஆரம்பித்ததை, வீடு வாங்கிப் பேரன் எடுத்த பிறகும் நிறுத்தவில்லை.

என் சமையலால் குணப்படுத்துகிறேன் பார் என்று சபதம் போட்டேன். சும்மா சொல்லவில்லை, எனக்குச் சமையலும் வரும். உடன்குடிக் கருப்பட்டியில் காப்பி போட்டு மூக்கருகே பிடித்தேன். நல்லெண்ணெயில் பூண்டு பொரித்தேன். நம்மூர்ச் சரக்கு எதற்கும் அவள் மூக்கு அசையவில்லை. தன் மகனின் படகு கரையில் கிடந்த கவலையிலும், கன்னியம்மா தினமும் தெருவில் நின்று குரல் கொடுப்பாள்.

"இன்னா அண்ணாச்சி, அக்கா எதுனா துன்னுச்சா?"

"எங்க துன்னுது? ரெண்டு வாய்தான்."

"நீ ஆக்குனா எவ துன்னுவா? நல்லா கீற மூக்கே செத்துப்பூடும்!"

ஒருவழியாகப் படகுகளுக்கு அனுமதி வந்தது. கன்னியம்மா மகனும் கடலுக்குப் போனான். அடுத்த நாள் காலை நான் சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து ஒரு கத்தல்.

"சீ! என்ன நாத்தம்! சன்னலச் சாத்துங்க அத்தான்!"

எனக்குத் தாளிப்பு வாசனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருசத்தில் என் மூக்கு இந்த ஊரோடு ஒட்டிப்போய்விட்டது. "சும்மா சொல்லாதட்டி" என்றேன்.

"போட்டு கரைக்கு வந்துட்டு. எறா, நெத்திலி, ஐஸ் தண்ணி... கொமட்டுது!" சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரண்டியோடு பால்கனிக்கு ஓடினேன். இந்த வயதில் ஆடினேன். "கன்னியம்மா! நாறுதாம்! என் பொண்டாட்டிக்கு நாறுதாம்!"

"நாறுதா? அப்ப எம்புள்ள வந்துட்டான்!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள். ஓடுகிறபோதே திரும்பி, "மூஞ்சில துணியக் கட்டு அண்ணாச்சி, அப்பால டான்ஸ் ஆடு!" என்றாள். சாமி சன்னதியில்கூட நான் அப்படிக் கையெடுத்ததில்லை. துறைமுகக் காற்றைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மத்தியானம் எங்கள் கேட்டில் ஒரு பை சங்கரா மீன் தொங்கியது. பொன்மணி தானே எழுந்து வந்து என்னை அடுப்படியை விட்டுத் துரத்தினாள். பாதி மீனை நம்மூர் மாதிரி தேங்காய் அரைத்து வைத்தாள். மீதியைக் கன்னியம்மா பக்குவத்தில், தேங்காயே இல்லாமல், புளியும் பூண்டுமாகச் சுண்ட வைத்தாள். ஊரிலிருந்து அவள் தங்கை போனில், "பஸ் விட்டதும் இங்க வந்துரு அக்கா" என்று அழுதுகொண்டிருக்க, இவள் ஒரு சட்டியில் முகத்தை வைத்து வாசனையை இழுத்தாள். பிறகு மற்றதில். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"இதுல நம்ம வீட்டுக் கொழம்பு எது அத்தான்?"

நான் தட்டை நீட்டிச் சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தேன். இரண்டு குழம்பையும் பக்கத்துக்கு ஒன்றாக ஊற்றினாள். நான் பிசைவதற்குள் இரண்டும் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டன.