கோச்சி வராது என்றேன்

போன செவ்வாய்க்கிழமை லெட்சுமியின் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்த சர்வே ஆட்கள்.

ஓப்பநாயக்கப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, பழைய கோச்சி ரோட்டில் நீலக் கதவு வைத்த வீடு அது. ரயிலை எங்கள் ஆட்கள் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து இங்கே வரைக்கும் சின்ன ரயில் ஓடியது. எழுபதுகளில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ரயில் அவிசாவளையோடு சரி. விமானமா... கட்டுநாயக்காவுக்கு வேன் பிடித்தால் அரை நாள் போய்விடும்.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்? 'சப்ரகமுவை மாகாணத்துக்கு ரயில் வேண்டும்' என்று எழுதினால் நாலு கடிதம் வரும். மனதுக்கு இதமாக இருக்கும்.

இப்போது சொல்லிவிடுகிறேன். ரயில் வரும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

லெட்சுமி என்னிடம் படித்தவள். குவைத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பினாள். குடியிருக்கிற லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டு ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். கொழுந்துக் காடு தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்துக்குச் சொந்தமில்லாத ஒரே நிலம், ரயில் போன அந்தப் பாதைதான். அங்கே வீடு கட்டலாமா என்று கேட்க வந்தாள்.

"ரயில்வே காணின்னு சொல்றாங்களே சேர். பயமா இருக்கு."

"கோச்சி இனி என் காலத்துலயும் வராது, உன் பேத்தி காலத்துலயும் வராது. அத்திவாரத்தப் போடு."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த வாரமும் ரயில் கேட்டுத்தான் எழுதியிருந்தேன்.

கோடு போட்ட அன்று மாலை அங்கே போனேன். பக்கத்து வீட்டு முனியாண்டி வேலியோரம் நின்றார்.

"வாங்க சேர். டிக்கட் எடுக்க வந்தீங்களா? ஸ்டேஷன் இதுதான்."

லெட்சுமி சிரிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"'சும்மா அளக்கத்தான், பயப்படாதீங்க அக்கே'ன்னு சிங்களத்துல சொன்னாங்க சேர். சும்மா அளக்கிறவங்களுக்குப் பெயின்ட் எதுக்கு?"

எழுந்து போய் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். லெட்சுமியும் பின்னால் வந்தாள்.

"நான் கோச்சியில ஒரு தடவகூட ஏறினதில்ல. ப்ளேன்ல ஆறு தடவ ஏறியிருக்கேன். அதுல ஏறிப் போய்த்தான் இந்தச் செவரு."

மன்னிப்புக் கேட்டேன். ஒரு பக்கம் ரயில் வேண்டும் என்று எழுதிக்கொண்டு, மறுபக்கம் வராது என்று உன்னைக் கட்டச் சொன்னேன் — இரண்டையும் யோசிக்காமல் செய்தேன் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நீங்க எழுதி எழுதித்தானே சேர் வருது?"

"இல்லம்மா. என் எழுத்துக்கு யாரும் அசைய மாட்டாங்க."

"சும்மா சொல்லாதீங்க. வேணாம்னு எழுதச் சொல்லல. ஊருக்குக் கோச்சி வரட்டும். வீட்டச் சுத்திப் போகச் சொல்லி எழுதுங்க."

நம்பாமல் எழுதுகிறவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்புகிறவர்களின் சுவரில்தான் கோடு விழுகிறது.

ஆகவே எழுதுகிறேன். அளக்கிற ஐயாமாரே, அந்த நீலக் கதவைச் சுற்றிப் போங்கள்.

இதுவும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால், இத்தனை வருடத்தில் நான் மனதாரக் கேட்பது இது ஒன்றைத்தான்.