லகாயா, காயா

எனக்கு ஹிந்தி சரியாக வராது. துபாய் அல் கூஸ் லேபர் கேம்ப்பில் இத்தனை வருடம் இருந்தும் 'ஜல்தி', 'அச்சா' தாண்டிப் போகவில்லை. அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் கிரிக்கெட்டில் பணம் கட்டுகிறவர்களின் ஹிந்தி மட்டும் நன்றாகத் தெரியும். நான் கேட்காமலே பக்கத்துக் கட்டில்காரன் கற்றுக்கொடுத்துவிட்டான்.

விருதுநகர்ப் பக்கத்துப் பையன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மேட்ச் வந்துவிட்டால் அவன் வாயில் தமிழே இருக்காது. 'பாவ்' என்றால் ரேட். 'பெட்டி' என்றதும், ஊருக்குக் கட்டுகிற பெட்டி என்றே நான் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மும்பையில் அது லட்சமாம். எங்கள் கேம்ப்பில் ஆயிரம் திர்ஹம். பெரிய டீம் ஜெயிக்கும் என்று கட்டினால் 'லகாயா'. தோற்கும் என்று கட்டினால் 'காயா', அதாவது தின்றேன். ஒரு டீமை எப்படியடா தின்பது என்று கேட்டேன்.

"உங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாதுண்ணே" என்றான்.

அவன் மண்டையில் நன்றாகவே ஏறியிருந்தது. கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, லீவும் கிடைத்துவிட்ட நேரத்தில் அவனுடைய பாஸ்போர்ட் அவனிடம் இல்லை. கேம்ப் பஸ் ஓட்டுகிறவர்தான் பந்தயம் வாங்குகிற ஆள். தோற்ற பணத்துக்கு ஈடாக பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். போலீசுக்குப் போகவும் வழியில்லை. போனால் அவரோடு இவனும் உள்ளே போவான். அப்புறம் விசா கேன்சல், கல்யாணமும் கேன்சல்.

"கடைசியா ஒரு மேட்ச். பெரிய டீம் மேல ரெண்டு பெட்டி. ஜெயிச்சா கணக்கு முடிஞ்சிரும், பாஸ்போர்ட் கைக்கு வந்திரும். அப்புறம் தொடவே மாட்டேன், அம்மா மேல சத்தியம்" என்றான். தோற்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ரேட் பார்க்கப் போனை எடுத்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

ரூமில் இன்னொருவர் உண்டு, காக்கா. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கேம்ப் வாசலில் பக்காலா, சின்ன மளிகைக் கடை, வைத்திருந்தார். லாட்டரிச் சீட்டு விளம்பரம் தாங்கிய காலண்டரைக் கூடக் கடையில் மாட்டவிடாத மனுஷன். யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது "சாப்ட்டியளா?" என்பதுதான். கேட்டுவிட்டு பதிலுக்கும் நிற்பார்.

அன்று சாயங்காலம் பையன் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூம் கியூவுக்குப் போனான். போன் கட்டிலில் சார்ஜில் கிடந்தது. காக்கா கடைக்குத் திரும்பும் அவசரத்தில் பரோட்டாவைச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். போன் விடாமல் அடித்தது. கல்யாண வீட்டிலிருந்து இருக்கும் என்று காக்கா எடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் யாரோ கத்துவது எனக்கும் கேட்டது. "ஜல்தி போலோ! லகாயா யா காயா?"

காக்காவின் ஹிந்தி முழுக்க மெஸ்ஸில் கற்றது. அங்கே லகாயா என்றால் பரிமாறியாச்சு. காயா என்றால் சாப்பிட்டாச்சு. தன்னைப் போலவே விசாரிக்கிற ஒரு மனுஷன் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"காயா பாய், காயா!"

"கித்னா?"

"தோ" என்று விரலையும் காட்டினார். இரண்டு பரோட்டா.

அயர்ன் பாக்ஸை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தேன். "பக்கா?" என்ற குரலுக்கு "பக்கா, கலாஸ்" என்று, முடிந்துவிட்டதென்று சொல்லி காக்கா போனை வைத்துவிட்டார். என் சட்டை கருகுகிற வாசனை வந்தது.

பையன் ஈரத்தலையோடு வந்தான். நான்தான் சொன்னேன். துண்டைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தான். திரும்பத் திரும்ப போன் போட்டான். ஒரு வழியாக எடுத்த டிரைவர் ஒன்றுதான் சொன்னாராம்: சொன்னது ரெக்கார்டில் இருக்கிறது, முதல் பந்து போட்டாச்சு, கலாஸ்.

"நான் என்னடா செஞ்சேன்? சாப்ட்டதைச் சாப்ட்டேன்னு சொன்னேன்" என்றார் காக்கா. விஷயம் புரிந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்று அதற்கப்புறம் கடை திறக்கவில்லை. "அல்லாவே, என் வாயால சூதாடிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவதாக இறங்கிய பெரிய டீம் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்ஸருக்கும் பக்கத்து ரூம்களில் கைதட்டல். பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். போனை நான் பிடித்துக்கொண்டு பார்த்தேன், யாராவது பார்க்க வேண்டுமே. கடைசி ஓவர்களில் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. கடைசி ஆள் தூக்கி அடித்தான். பந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. கீழே ஒருவன் பிடித்துவிட்டான். பெரிய டீம் தோற்றுவிட்டது, பக்கத்து ரூம்கள் அடங்கிவிட்டன.

மறுநாள் டிரைவர் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். பையன் காக்காவின் காலில் விழப்போனான். அவர் காலை இழுத்துக்கொண்டார். "இது எனக்கு வேணாம்டா. நீ ஊருக்குப் போ, அது போதும்" என்றார்.

போனான். தாலி கட்டிய அன்று மத்தியானம் காக்காவுக்கு வீடியோ காலில் வந்தான், கழுத்தில் மாலையோடு. பக்கத்தில் அந்தப் பெண் தலை குனிந்து சிரித்தாள். காக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மாப்பிள்ளை எழுந்து, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"காக்கா, சாயங்காலம் மேட்ச் இருக்கு" என்றான், குரலைத் தாழ்த்தி. "நீங்க சாப்ட்டீங்களா?"

அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். கழுவிய தட்டு கையில் இருந்தது. போனை அணைத்தார்.

அதற்கப்புறம் காக்கா யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. நாங்களும் அவரைக் கேட்பதில்லை. தட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம்.